மைக்கக்கா பேசாத குளிர்காலம்

ரயில் நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சுமை தூக்குபவர்களுக்கும் டிக்கெட் பரிசோதகர்களுக்கும் நடைமேடையில் டீ விற்பவருக்கும் அவள் மைக்கக்கா. பத்தொன்பது வருடங்களாக முதல் நடைமேடைக்கு மேலே, மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவள். பஞ்சு உறை மாட்டிய மைக்கை வாய்க்கு நாலு விரல் தள்ளி வைத்து, மணிப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவள் ஆரம்பித்தால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திக் கேட்பார்கள்.

வேலையில் பேசியது போதாதென்று வேலை முடிந்தும் பேசினாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி இறங்குவதற்குள் அவளுடைய மாமியார், மாமியாரின் முழங்கால் வலி வரைக்கும் விசாரித்து முடித்திருப்பாள். தங்கையோடு தினமும் காலையில் முக்கால் மணி நேரம் போன். கணவர் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கிற மெக்கானிக். அவர் ஒரு நாளில் பேசுவதையெல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாய்தான், அது இவகிட்ட இருக்கு" என்று ஒரு முறை சொன்னார். மாமா வாழ்க்கையில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று அவர் மைத்துனியான அந்தத் தங்கை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அப்படிப்பட்டவளுக்குக் குளிர் தொடங்கிய வாரத்தில் குரல் போனது. ஒரு காலை, கூட்டம் நெரிகிற நேரம், "மூன்றாவது நடைமேடை" என்று சொல்ல வாயெடுத்தாள். "மூன்" என்பதோடு குரல் கிழிந்து, மிச்சம் வெறும் காற்றாக வந்தது. கீழே பாதிப் பேர் மூன்றாவது நடைமேடைக்கும் பாதிப் பேர் முதலாவதுக்கும் ஓடினார்கள். கண்ணாடி வழியாக அதைப் பார்த்தபடி மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. அதற்கும் சத்தம் வரவில்லை.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, திரையில் அவளுடைய குரல்வளையைக் காட்டினார். இரண்டு வெளிறிய மடிப்புகள். இரண்டின் ஓரத்திலும் அரிசிமணி போல ஒரு புடைப்பு.

"ஓய்வு கொடுத்தா கரையும். கரையலைன்னா ஆபரேஷன். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார் டாக்டர்.

அவள் டாக்டர் பக்கம் சாய்ந்து, "ரகசியமா, மெதுவா..." என்று காற்றாகக் கேட்டாள்.

"அது இன்னும் மோசம்மா. தொண்டைக்கு ரகசியம்தான் முதல் எதிரி."

பக்கத்தில் நின்ற கணவர் தயங்கித் தயங்கி, "தூக்கத்துல பேசினா பரவாயில்லையா டாக்டர்?" என்றார்.

"தூக்கத்துலயும் பேசுவாங்களா?"

"அப்பதான் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசுவா."

வரும் வழியில் கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் நாலு பேனாவும் வாங்கிக் கொடுத்தார். அவள் அதில் முதலில் எழுதியது: "அந்த டாக்டர்கிட்ட அதைச் சொல்லணுமா?"

நிலையத்தில் அவளைத் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றினார்கள். குடைகள், டிபன் டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு முறை ஒரு தையல் மெஷின். வருகிறவர்கள் சொல்லச் சொல்ல அவள் படிவத்தில் எழுத வேண்டும்: பொருள், அளவு, நிறம், தனி அடையாளம், கடைசியாகப் பார்த்த இடம். வேலை கஷ்டமில்லை. ஆனால் மேலே அவள் அறையிலிருந்து பதிவு செய்த குரல் ஒன்று ஒலித்துக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் இருமுவதில்லை, தண்ணீர் குடிக்க எழுந்து போவதில்லை. ஆறு வாரத்தில் அரிசிமணி கரையாவிட்டால் அந்தக் குரலே நிரந்தரமாக உட்கார்ந்துவிடுமோ என்கிற பயம் அவளுக்கு இருந்தது. அதைப் பலகையில் எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் காலை ஆறரைக்கே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினாள். அதுதான் தப்பாகப் போயிற்று. ஏரிக்கரைப் பாதையில் எதிரே வந்த அத்தனை பேரும் தெரிந்தவர்கள். "என்னக்கா, நலமா?" என்பார்கள். இவள் சிரித்துவிட்டுப் பலகையைத் தூக்கிப் பேனாவைத் திறப்பதற்குள் அவர்கள் பத்தடி போயிருப்பார்கள். காய்கறிக் கடைக்காரர் மனைவி, "மைக்குல மட்டும்தான் பேசுவாங்க போல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மைக்கக்காவுக்கு முகம் சுட்டது. தெரிந்த முகங்களிலிருந்து தப்பிக்க, கரையிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் புகுந்து கோரைப்புல் பக்கம் போனாள்.

அங்கே எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எட்டுப் பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல். அவள் காலடிச் சத்தம் கேட்டு ஓர் அம்மாள் திரும்பினார். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். திரும்பியவர் வாய்மேல் விரலை வைத்தார்.

அந்த விரலைப் பார்த்ததும் மைக்கக்காவுக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. பேசாதே என்று உலகத்தில் முதல்முறையாக ஒருவர் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறார்.

அந்த அம்மாள் தன் பைனாகுலரைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, நீர் ஓரத்தைக் காட்டினார். மைக்கக்கா கண்ணில் வைத்துப் பார்த்தாள். சேறு. காய்ந்த புல். மறுபடி சேறு. எட்டுப் பேரும் கூடிச் சேற்றையா பார்க்கிறார்கள் என்று நினைத்த அதே நொடியில், சேற்றில் ஒரு கண் இருப்பது தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் தலை, தலைக்கு முன்னால் பாதிப் பென்சில் நீளத்துக்கு நேரான அலகு. ஒரு பறவை முழுசாக அங்கே உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் உள்ளான் என்று பிறகு தெரிந்துகொண்டாள்.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஸ்வெட்டர் கையின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

பிறகு எல்லோரும் கரையேறி வந்து, அந்த அம்மாளின் காருக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டார்கள். மைக்கக்கா பலகையில் எழுதிக் காட்டினாள்: "தொண்டை. ஆறு வாரம் பேசக்கூடாது. நானும் வரலாமா?"

"தாராளமா வாங்க" என்றார் அந்த அம்மாள். அவர் பல் டாக்டர். "என் வேலையே, வாயைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பதில் சொல்ல முடியாதவங்ககிட்ட கேள்வி கேக்கறதுதான். உங்களோட எனக்கு ரொம்ப ஒத்துப்போகும்."

கூட்டத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். பதினோரு குளிர்காலமாக ஒரு ஞாயிறுகூட விடாமல் வந்தவர். எந்தப் பறவை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று தடித்த நோட்டில் மருந்துச் சீட்டு எழுதுகிற பொடி எழுத்தில் குறித்து வைப்பவர். அவர் நோட்டில் ஏறாத பறவை இந்த ஊர்ப்பக்கம் பறக்கவில்லை என்று அர்த்தம். மைக்கக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புதுசா வர்றவங்களுக்கு ஆரம்பத்துல எல்லாக் காக்காவும் கழுகாத்தான் தெரியும். போகப் போகச் சரியாயிடும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் போனாள். ஞாயிறு மட்டும் போதாமல் வேலைக்குப் போகும் வழியைச் சுற்றுவழியாக்கி, தினமும் இருபது நிமிடம் ஏரிக்கரையில் நின்றாள். பல் டாக்டர் தன்னுடைய பழைய பைனாகுலரை இரவல் கொடுத்திருந்தார். தண்ணீரில் கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாக மிதக்கிற நாமக்கோழி, சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நிற்கிற நீர்க்காகம், ஓடி ஓடி வாலை ஆட்டுகிற வாலாட்டி என்று ஒவ்வொன்றாக அறிமுகமாயின. பேச முடியாததால் எல்லாவற்றையும் எழுதினாள். எழுதியது எல்லாம் தொலைந்த பொருள் படிவத்தின் போக்கிலேயே வந்தது. "பொருள்: பறவை. அளவு: கைப்பிடிக்குள் அடங்கும். நிறம்: முதுகு சாம்பல், வயிறு மஞ்சள். தனி அடையாளம்: வாலை ஒரு நிமிடம் சும்மா வைப்பதில்லை. கடைசியாகப் பார்த்த இடம்: பம்புக் கொட்டகைக் கூரை."

வீட்டில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. மனைவிக்கு வரும் போனை எல்லாம் கணவர் எடுக்க வேண்டியதாயிற்று. முதல் வாரம் "ம்", "இல்ல", "சரி" என்று ஓட்டினார். மைத்துனி விடுகிற ஆளா?

"மாமா, ம் போட்டா எனக்குப் போன்ல தெரியாது. அக்கா என்ன செய்யறா? முழுசாச் சொல்லுங்க."

"தோட்டத்துல இருக்கா."

"தோட்டத்துல என்ன?"

வேறு வழியில்லாமல் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "ஒரு மைனா வந்திருக்கு. ரெண்டு. இப்ப மூணாவதும் வந்துடுச்சு. தண்ணியில இறங்குது. அடேயப்பா, குளிக்குது பாரு!" மூன்றாவது வாரத்தில் அவர்களுடைய போன் அரை மணி நேரத்தைத் தொட்டது. பலகையோடு பக்கத்தில் நின்ற மைக்கக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

தோட்டம் என்று பெரிதாகச் சொல்ல அங்கே ஒன்றுமில்லை. சமையலறைக்குப் பின்னால் பத்தடிக்கு இருபதடி மண். ஒரு எலுமிச்சை மரம், ஒரு துணிக்கொடி, இனிமேல் உயிர் வராது என்று கணவர் கைகழுவிய இரண்டு பிரிட்ஜ்களின் கூடுகள். அதில் ஒரு பிரிட்ஜின் காய்கறித் தட்டைத்தான் அவர் எடுத்து, நாலு செங்கல்மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார். பறவைகளுக்கு அது பிடித்திருந்தது. மதிலோரம் எறும்புகளுக்கும் அந்த இடம் பிடித்திருந்தது. அங்கே புற்று வைத்து, அங்கிருந்து சுவரேறி, ஜன்னல் கம்பியைக் கடந்து, சர்க்கரை டப்பாவரைக்கும் அவை போட்ட வரிசை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருந்தது. கணவர் ஒரு டப்பா எறும்புப் பொடி வாங்கி வந்து, "புதன்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கு இதுங்களுக்கு ஒரு முடிவு கட்டறேன்" என்று அலமாரியில் வைத்தார்.

நாலாவது வாரத்துப் புதன்கிழமை, காலை எட்டு மணிக்கு முன். மைக்கக்கா வேலைக்குக் கிளம்பி, சமையலறை ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். மதிலோரம் மரப்பட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. அந்தப் பட்டை நகர்ந்தது. அவள் கோப்பையை மேடையில் வைத்தாள். மைனாவைவிடச் சிறியது. உடம்பெல்லாம் பழுப்பும் சாம்பலுமாகக் கிறுக்கல். உச்சந்தலையிலிருந்து முதுகு வரைக்கும் மை ஒழுகினது போல ஒரு கறுப்புப் பட்டை. புற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கை நீட்டி நீட்டி எறும்பை இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில் தலையைத் தூக்கிக் கழுத்தை இந்தப் பக்கம் முறுக்கியது, அந்தப் பக்கம் முறுக்கியது. ஒரு கணம் அது பறவையா பாம்பா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கணவர். ஒரு கையில் எறும்புப் பொடி டப்பா, ஒரு கையில் பழைய கரண்டி. செருப்பு டப் டப்பென்று அடிக்க, நேரே புற்றைப் பார்த்து நடந்தார்.

அவளால் கூப்பிட முடியாது. தொண்டையை விடு, கூப்பிட்டால் பறவை பறந்துவிடும். ஓடினாள். வெறுங்காலோடு ஈர மண்ணில் ஓடி, பின்னாலிருந்து அவரை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டாள்.

மெக்கானிக் சிலையாக நின்றார். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஆசிரியை ஒரு வேட்டியை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார்.

"என்னம்மா இது" என்றார் கணவர் மெதுவாக. "காலங்காத்தால... எல்லாரும் பாக்கறாங்க..."

அவள் அவருடைய மோவாயைப் பிடித்து மதில் பக்கம் திருப்பினாள். பறவை எலுமிச்சை மரத்தின் கீழ்க்கிளைக்குத் தாவி, கிளையோடு கிளையாக உறைந்திருந்தது. அவருக்கு முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் டப்பாவைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. இருவரும் அப்படியே பின்னோக்கி அடி எடுத்து வைத்து உள்ளே வந்தார்கள். அவள் பலகையில் எழுதினாள்: "எறும்பு வேணும்."

"யாருக்கு?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். அவர் பொடி டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு சர்க்கரை டப்பாவையும் எடுத்து பிரிட்ஜுக்குள் வைத்தார்.

அன்றைக்குத் தொலைந்த பொருட்கள் அறையில் போய் உட்கார்ந்ததும், காலியாக இருந்த ஒரு படிவத்தை எடுத்து அந்தப் பறவையைப் பற்றி அத்தனையும் நிரப்பினாள். அதைப் படம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவினருடைய போன்களுக்கு அனுப்பினாள். முதல் பதில் மருந்துக்கடைக்காரரிடமிருந்து வந்தது: "பெண் சிட்டுக்குருவியாக இருக்கலாம்."

மைக்கக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு குடையைத் தேடி வந்தவரிடம் முறைத்துக்கொண்டே படிவத்தை நீட்டினாள். அவர் குடையே வேண்டாம் என்று போய்விடுவாரோ என்று பக்கத்து மேசை எழுத்தருக்குப் பயமாக இருந்தது. பத்து நிமிடம் கழித்துப் பல் டாக்டரின் செய்தி வந்தது: "கழுத்தை எப்படித் திருப்பியது? மறுபடி எழுதுங்கள்."

"முழு வட்டம் வரப் பார்த்தது. பார்த்த எனக்குக் கழுத்து வலித்தது."

உடனே பல் டாக்டரிடமிருந்து அவள் வீட்டுக்குப் போன் போயிற்று. கணவர்தான் எடுத்தார். அன்று சாயங்காலம் அவர் அதை மனைவிக்கு அப்படியே ஒப்பித்தார்.

"டாக்டரம்மா மூச்சு வாங்க வாங்கப் பேசினாங்க. அங்க நாற்காலியில யாரோ வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காங்களாம், அவங்களை விட்டுட்டு வந்து பேசறாங்களாம். அது கழுத்துத்திருப்பியாம். மரங்கொத்தி குடும்பம்தானாம், ஆனா மரத்தைக் கொத்தாதாம். எறும்புதான் சாப்பாடாம். வெகுதூரத்துல இருந்து குளிருக்கு வருமாம். அந்த மருந்துக்கடைக்காரர் இந்தப் பக்கம் ஒரு தடவைகூட பாத்ததே இல்லையாம். எறும்பை மட்டும் தொட்டுடாதீங்கன்னாங்க. நான் தொடலைன்னேன்." மூச்சு விட்டுவிட்டு, "நீ கட்டிப் பிடிச்சதைச் சொல்லலை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நடைக் குழுவினர் எட்டுப் பேரும் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலிலேயே ஷூக்களைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக, பூனை மாதிரி சமையலறைக்குள் போனார்கள். ஜன்னல் சின்னது. ஒரு சமயம் இரண்டு பேர்தான் பார்க்கலாம். மற்றவர்கள் அடுப்பு மேடையிலும் அரிசி டிரம்மிலும் சாய்ந்துகொண்டு முறைக்குக் காத்திருந்தார்கள். கணவர் எல்லோருக்கும் டீ கொடுத்தார். ஸ்பூன் கோப்பையில் பட்டுக் கிணுகிணுக்கக் கூடாது என்று சர்க்கரையை விரலால் கலக்கப் போனவரை மைக்கக்கா கையைத் தட்டித் தடுத்தாள்.

ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. மைனாக்கள் வந்து குளித்துவிட்டுப் போயின. ஒரு பூனை மதில்மேல் வந்து உட்கார்ந்தது. கணவர் முன்வாசல் வழியாகச் சுற்றிப் போய் அதைத் துரத்திவிட்டு வந்தார். எட்டரைக்கு மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். மைக்கக்காவின் காது மடல் சிவந்தது. எட்டுப் பேரைக் கூட்டி வந்து மைனாவைக் காட்டியிருக்கிறோமே என்று அவளுக்கு உள்ளே குமைந்தது. பல் டாக்டர் அவள் பலகையை எடுத்து, "நான் ஒரு உள்ளானுக்கு நாலு வருஷம் காத்திருந்தேன்" என்று எழுதித் திருப்பி மாட்டினார்.

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மருந்துக்கடைக்காரரின் முறை வந்தது. அவர் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தார். பிரிட்ஜ் கூட்டுக்குப் பின்னாலிருந்து மரப்பட்டைத் துண்டு ஒன்று தத்தித் தத்தி வெளியே வந்தது.

சரியாக அந்த நேரத்தில் கணவரின் போன் அடித்தது. மைத்துனி. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு அவள் நேரம் தவறுவதில்லை. மெக்கானிக் சட்டைப்பைக்குள் கையை விட்டு, யார் என்றுகூடப் பார்க்காமல் அழைப்பைத் துண்டித்தார். அந்தக் குடும்பத்தில் அதற்குமுன் யாரும் செய்யத் துணியாத காரியம் அது.

பறவை போகவில்லை. புற்றுக்கு வந்து, நாக்கை நீட்டி, நிதானமாகச் சாப்பிட்டது. கழுத்தை முறுக்கி நேரே ஜன்னலைப் பார்த்தது. மருந்துக்கடைக்காரர் நோட்டைத் திறந்து பேனாவை வைத்தார். ஓர் எழுத்து எழுதுவதற்குள் கண் ஜன்னலுக்கே திரும்பியது. நோட்டை மூடிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்று பல் டாக்டர் அவர் முதுகில் குத்த வேண்டியிருந்தது. இருபது நிமிடம் அந்தப் பறவை அங்கேயே இருந்தது. எல்லோரும் இரண்டு சுற்றுப் பார்த்தார்கள். கணவர் மூன்று சுற்று.

அது பறந்துபோனதும் சமையலறை ஒரேயடியாக வெடித்தது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக்கக்காவிடம் வந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. குருவின்னு சொன்னது நான்தான். பதினோரு வருஷம் காடு மேடெல்லாம் தேடினேன். உங்க சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால இருக்கும்னு தெரியாமப் போச்சு."

அவள் எழுதிக் காட்டினாள்: "குருவியும் நல்ல பறவைதான்." அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்ததில்லை என்று குழுவில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

அன்று மத்தியானம் மைத்துனி நேரிலேயே வந்துவிட்டாள். "மாமா போனைக் கட் பண்ணிட்டார்னா, வீட்டுல ஏதோ நடக்கக் கூடாதது நடந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்று வாசலில் நின்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அவளையும் ஜன்னலோரம் நிறுத்தினார்கள். பறவை வரவில்லை. ஒரு மணி நேரம் வாய் மூடி நின்றதே தனக்குப் பெரிய சாதனை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கழுத்துத்திருப்பி இன்னும் பத்து நாள் வந்துபோனது. ஆறாவது வாரம் முடிந்தபோது டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மைக்கக்கா நாற்காலியின் கையைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது.

"ஒரு பக்கம் சுத்தமாப் போயிடுச்சு. இன்னொரு பக்கம் கடுகு அளவுக்கு இருக்கு, அதுவும் போயிடும். கத்தி வேண்டாம். பேசலாம்மா. ஏதாவது சொல்லுங்க."

ஆறு வாரமாகச் சேர்த்து வைத்தது ஆயிரம் இருந்தது. இந்த நேரத்துக்கென்று வாக்கியங்கள்கூட யோசித்து வைத்திருந்தாள்.

"என்ன சொல்றது டாக்டர்?" என்றாள்.

கரகரவென்று, கொஞ்சம் தடித்து, ஆனால் அவள் குரல்தான். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவர் அதைக் கேட்டு எழுந்து நின்றார். நர்ஸ் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

முதலில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் அனுமதி. எந்தப் பத்து நிமிடம் என்பதில் வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. தங்கைக்கு ஐந்து, கணவருக்கு ஐந்து என்று முடிவாயிற்று. தன் பங்கில் அவள் தொண்டைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அந்த ஐந்து நிமிடமும் அவரே பேசினார். மைத்துனியோடு தனியாக அரை மணி நேரம் பேசுகிற பழக்கத்தையும் அவர் விடவில்லை.

மூன்றாவது மாதம் கண்ணாடி அறைக்குத் திரும்பினாள். மூச்செடுக்கவும் தண்ணீர் குடிக்கவும் டாக்டர் கற்றுக்கொடுத்தபடி, பழைய வேகத்தை விட்டுவிட்டு நிறுத்தி நிதானமாக அறிவித்தாள். முதல் நாள் கீழே டீ விற்பவர் அண்ணாந்து பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். "இப்பத்தான்க்கா நடைமேடை நம்பர் தெளிவாக் கேக்குது" என்று சுமை தூக்குபவர் ஒருவர் சொல்லப்போக, இத்தனை வருடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தாய் என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். பதிவு செய்த குரலை இரவு வண்டிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் கழுத்துத்திருப்பி வரவில்லை. எறும்பு மட்டும் இருந்தது. மைக்கக்கா ஞாயிறு நடைக்கு இப்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போகிறாள். அவருக்கென்று ஒரு பைனாகுலர் வந்திருக்கிறது. பழையதாக வாங்கி, பிரித்து, துடைத்து, மாட்டி, பிரிட்ஜ் மோட்டாருக்குப் போடுகிற எண்ணெயை ஒரு சொட்டு விட்டு அவரே சரிசெய்தது. நடக்கும்போது அவள் வாயைத் திறப்பதில்லை. கரையேறி ஃபிளாஸ்க் திறந்தால் அவளை நிறுத்த ஆளில்லை. பல் டாக்டரிடம் அவள் பல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவாள்.

ஒரு ஞாயிறு அப்படியொரு மூடுபனி. ஏரி எங்கே, கரை எங்கே என்று தெரியவில்லை. ஒன்பது மணி வரைக்கும் நின்றும் ஓர் இறகுகூடக் கண்ணில் படவில்லை. எங்கேயோ வெள்ளைக்குள் ஒரு நாமக்கோழி கத்தியது. அதுகூட நாமக்கோழிதானா, பம்புக் கொட்டகைக் கதவா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாக்குவாதம் நடந்தது. மைக்கக்கா கொண்டுவந்திருந்த பன் பொட்டலத்தைப் பிரித்து எல்லோர் முன்னாலும் நீட்டினாள். மருந்துக்கடைக்காரர் நோட்டை எடுத்து, தேதி போட்டு, பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு பக்கத்தையும் காலியாக விட்டதில்லை.

"என்ன எழுதறீங்க?" என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் இருந்தது: "மூடுபனி, ஒன்று. பன், ஆறு."

"ஏழு" என்றாள் மைக்கக்கா. "நீங்க ரெண்டு எடுத்தீங்க."